உப்பளத்துச் சிற்றுயிர்



காயல்பட்டினத்திலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் சாலையை உங்களில் பலர் நன்கு அறிவீர்கள். மருத்துவத்திற்காகவும் திருமணச் சாமான் வாங்கவும் உறவினர் வீட்டுக்காகவும் அவ்வழியே பலமுறை சென்றிருப்பீர்கள். ஆறுமுகநேரியைத் தாண்டி ஆத்தூரை நெருங்கினால் வெற்றிலைக் கொடிக்கால்களின் குளிர்ச்சி முகத்தில் படும். தாமிரபரணிப் பாலத்தைக் கடந்தால் முக்காணி. இரு மருங்கிலும் வாழைத் தோட்டங்கள். பழையகாயலை விட்டு நகர்ந்ததும் அந்தப் பசுமை மெல்ல விடைபெறுகிறது. முள்ளக்காட்டை அடையும்போது கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெண்மை. கட்டம் கட்டமாகப் பிரித்த பாத்திகள், அவற்றின் நடுவே நேர்கோடு போட்டாற்போன்ற வரப்புகள், வரப்போரம் குவித்து வைத்த உப்பு அம்பாரங்கள்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ கண்டு எழுதிய காயல் துறைமுகம் இவ்வட்டாரத்தில்தான் இருந்தது. முத்தும் குதிரையும் கைமாறிய கரை அது. இன்று இக்கரையின் பெயரை நாடெங்கும் கொண்டு செல்வது உப்பு. இந்திய மாநிலங்களுள் உப்பு விளைச்சலில் குஜராத்திற்கு அடுத்த இடம் தமிழ்நாட்டிற்கு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்தினுடையது.

ஆனால் உங்களை நான் இன்று அழைத்துச் செல்வது உப்பைக் காட்டுவதற்காக அன்று. அந்த உப்பு நீருக்குள் வாழும் ஒரு சிற்றுயிரைக் காட்டுவதற்காக. நம் வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டிக்குள் நீந்தும் வண்ண மீனுக்கும் இந்த உப்பளத்துக்கும் உள்ள உறவு அந்த உயிரால் ஏற்பட்டது.

குஞ்சுகளின் பசி

மீன்தொட்டி இல்லாத தெரு இப்பொழுது அரிது. பிள்ளைகள் கேட்கிறார்கள், வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். கடைக்காரர் தரும் உருண்டைத் தீவனத்தை வளர்ந்த மீன் தின்றுவிடும். மீன் குஞ்சு பொரித்த பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. கடுகின் அளவுகூட இல்லாத குஞ்சின் வாய்க்குள் அந்த உருண்டை நுழையாது. பொடியாக்கித் தூவினாலும் பல குஞ்சுகள் அதை உணவென்று உணர்வதில்லை. எது அசைகிறதோ அதையே அவை கொத்தும். அசையாத உணவின் நடுவே பட்டினி கிடந்து ஓரிரு நாள்களில் செத்து மிதக்கும். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணைப் பற்றிய நபிமொழியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் நாம், தொட்டிக்குள் நிகழும் இப்பட்டினியைக் கண்டும் காணாமல் இருக்க முடியாது.

ஆகவே, மீன் வளர்ப்போர் தொன்றுதொட்டு உயிருணவைத் தேடி வெளியே செல்கிறார்கள். மழைநீர் தேங்கிய தொட்டியில் கொசுப்புழு கிடைக்கும். பாசி படிந்த குளத்தில் தெள்ளுப் பூச்சி போல் துள்ளும் நீர்த்தெள்ளு கிடைக்கும். சாக்கடை ஓரத்துச் சேற்றில் செந்நூல் கற்றை போல் நெளியும் புழு கிடைக்கும். சென்னையில் கொளத்தூர் வண்ண மீன் தொழிலுக்குப் பெயர் பெற்ற இடம். அத்தகைய ஊர்களில் இச்சாக்கடைப் புழுவுக்கு என்றும் கிராக்கி உண்டு. ஆனால் அது வாழும் இடம் நகரத்தின் கழிவு. அதை அரிப்பவர் அக்கழிவுக்குள் இறங்கி நிற்க வேண்டும். எத்தனை முறை கழுவினாலும் நோய்க்கிருமி தொட்டிக்குள் வந்து சேரும் அச்சம் நீங்காது.

உப்பளத்து உயிரிடம் இந்தக் குறை மிகக் குறைவு. நன்னீர் மீன்களைத் தாக்கும் பெரும்பாலான ஒட்டுண்ணிகள் அந்தக் கடும் உப்பில் தங்குவதில்லை. முட்டையிலிருந்து வெளிவரும் அதன் குஞ்சு அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அது ஓயாமல் துடித்து நீந்தும். மீன்குஞ்சின் வாய்க்கென்றே அளந்து படைத்தது போன்ற உணவு.

இதன் பெயர் ஆர்ட்டீமியா. உப்பு இறால் என்றும் சொல்வர். இதன் குஞ்சுகள் மீன்குஞ்சுகளுக்கு உணவாகும் என்பதை அமெரிக்காவில் சீல் என்பவர் 1933-லும், நார்வேயில் ரோலெஃப்சென் என்பவர் 1939-லும் எடுத்துக் காட்டினர். இன்று உலகின் இறால் பண்ணைகளும் மீன் குஞ்சுப் பண்ணைகளும் வண்ண மீன் வளர்ப்போரும் இதை நம்பியே இருக்கிறார்கள்.

நீர் ஏறும் படிகள்

வாருங்கள், வரப்பில் இறங்குவோம். இங்கே நீர் ஒரே இடத்தில் நிற்பதில்லை. படிப்படியாகப் பயணம் செய்கிறது. கடல்நீரையோ ஆழ்குழாயில் கிடைக்கும் உவர்நீரையோ முதலில் தெப்பம் எனப்படும் பெரிய தேக்கத்தில் நிரப்புகிறார்கள். அங்கிருந்து அடுத்தடுத்த தெப்பங்களுக்கு விடுகிறார்கள். வெயிலும் காற்றும் நீரைக் குடிக்க, உப்பின் அடர்த்தி ஏறுகிறது. கடல்நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அளக்கும் குழாயை நீரில் மிதக்கவிட்டு எத்தனை டிகிரி என்று பார்ப்பார்கள். கடல்நீர் 3 டிகிரியைச் சற்றுத் தாண்டி நிற்கும். ஏறத்தாழ 25 டிகிரி வந்ததும் பாத்தியில் உப்பு பூக்கத் தொடங்கும். பிறகு வாருபலகை கொண்டு வாரி எடுப்பார்கள்.

இந்தப் படிகளின் இரு முனைகளையும் விட்டு நடுவில் உள்ள தெப்பங்களைக் கவனியுங்கள். முதல் தெப்பத்தில் சிறு மீன்கள் ஓடும். உள்ளான்கள் கரையோரம் கொத்தும். கடைசிப் பாத்தியில் உப்பைத் தவிர வேறொன்றும் கண்ணுக்குத் தெரியாது. நடுத் தெப்பத்தில் நீர் கடலைப் போல் மூன்று, நான்கு மடங்கு கரிக்கும். மீனும் நண்டும் அங்கே பிழைக்க முடியாது. பகைவர் எவரும் நுழைய இயலாத அந்த நீரைத்தான் இச்சிற்றுயிர் தன் வீடாகக் கொண்டிருக்கிறது.

குனிந்து பார்த்தால் நீரின் மேற்பரப்பில் இளஞ்சிவப்புப் புகை படர்ந்தாற்போல் இருக்கும். ஒரு கண்ணாடிக் குவளையில் நீரை அள்ளி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அந்தப் புகை தனித்தனி உயிர்களாகப் பிரியும். ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர் நீளம். பதினோரு இணைக் கால்கள், தோணித் துடுப்புகளைப் போல் வரிசையாக அசைகின்றன. அக்கால்களாலேயே நீந்துகிறது, அவற்றாலேயே மூச்சு விடுகிறது, அவற்றாலேயே பாசித் துகளை வடித்து உண்கிறது. மற்ற உயிர்களைப் போல் குப்புற நீந்தாமல், வயிற்றை வெளிச்சத்துக்குக் காட்டி மல்லாந்தே நீந்துகிறது. இரு பக்கமும் காம்பில் நிற்கும் இரண்டு கண்கள். நடுவே மூன்றாவதாக ஒரு சிறு கண். நீரில் பிராணவாயு குறையும்போது இதன் உடலில் செம்பொருள் பெருகி நிறம் சிவக்கிறது.

உப்பளத்துக்கும் இதனால் நன்மை உண்டு. நீரில் பெருகும் பாசியை இது தின்று தெளிவாக்குவதால் பாத்தியில் உப்பு சுத்தமாக விளைகிறது. பூநாரைகள் இந்நீரைத் தேடி வருகின்றன. அப்பறவைகளின் இறகில் நாம் கண்டு வியக்கும் செந்நிறம், அவை உண்ணும் பாசியிலிருந்தும் இத்தகைய சிற்றுயிர்களிலிருந்தும் அவற்றின் உடலில் சேர்வதே.

கச்சான் ஒதுக்கும் புழுதி

நாம் சென்ற வேளையில் ஒருவர் தெப்பத்தில் முழங்கால் அளவு நீரில் நின்று அரித்துக்கொண்டிருந்தார். அளத்தில் கூலி வேலை செய்பவர். உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, வேலை தொடங்கும் முன் அதிகாலையில் இதைச் செய்கிறாராம். மெல்லிய துணியில் தைத்த பை வலை, நீண்ட மூங்கில் காம்பு, இரண்டு பிளாஸ்டிக் வாளி. இவ்வளவுதான் கருவி.

"வாங்க பாய், வரப்புல பாத்து வாங்க, வழுக்கும்" என்று வரவேற்றார். "வெயில் ஏறிட்டா பூச்சி கீழ போயிரும். அதுக்கு முன்னாடி அரிச்சிரணும்."

பூச்சி என்றே அவர் இதைக் குறிப்பிட்டார். வலையை நீரின் மேல்மட்டத்தில் மெதுவாக இழுக்கிறார், தூக்கி உதறுவதில்லை. உதறினால் கால்கள் ஒடிந்துவிடும். வலையில் சேர்ந்ததை அதே தெப்பத்து நீர் நிரம்பிய வாளியில் கவிழ்க்கிறார். வேறு நீரில் இட்டால் உப்பின் மாற்றம் தாங்காமல் சோர்ந்துவிடுமாம். வாளி நிறைய அடைப்பதும் இல்லை. பிறகு பிளாஸ்டிக் பையில் பாதிக்கு நீரும் பாதிக்குப் பிராணவாயுவும் நிரப்பி, கட்டி, மீன்கடைக்கு அனுப்புகிறார்.

உயிரை எடுப்பது இவ்வாறு. முட்டையை எடுப்பது வேறு வகை. நீரும் உணவும் ஒத்திருக்கும் காலத்தில் இவ்வுயிர் குஞ்சாகவே ஈனும். உப்பு மிகுந்தோ உணவு குறைந்தோ நெருக்கடி வரும்போது, தடித்த ஓட்டுக்குள் உறங்கும் முட்டைகளாக இடும். தவிட்டு நிறம், மணலைவிட நுண்மை, நான்கைச் சேர்த்து வைத்தால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும். அவை மிதக்கும். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் தெப்பத்தின் கீழ்க்கரையில் நுரையோடு நுரையாக ஒதுங்கிக் கிடக்கும். அறியாதவர் கண்ணுக்கு அது காற்று கொண்டுவந்த புழுதி.

அதை வழித்து எடுத்து, கடும் உப்பு நீரில் இட்டால் மண்ணும் மணலும் அடியில் படிய, முட்டை மேலே நிற்கும். பிறகு சிறிது நேரம் நன்னீரில் அலசினால் வெற்று ஓடுகள் மிதக்க, உயிருள்ள முட்டை கீழே இறங்கும். உடனே நிழலில் பரப்பி உலர்த்திவிட வேண்டும். தாமதித்தால் அந்த ஈரமே அவற்றை எழுப்பிவிடும்.

நன்கு உலர்ந்த முட்டை ஆண்டுக் கணக்கில் உறங்கும். உறைபனிக்கும் கீழான கடுங்குளிரையும் சற்று நேரம் கொதிநீரின் வெப்பத்தையும் தாங்கும். 1972-ல் அப்போலோ 16, 17 விண்கலங்களில் இம்முட்டைகளை ஏற்றிச் சென்று விண்வெளிக் கதிர்களின் விளைவை ஆராய்ந்தார்கள். இறந்த பூமியை மழையால் உயிர்ப்பிப்பவன் இந்தத் தவிட்டுத் துகளுக்குள்ளும் ஓர் உயிரை உறங்க வைத்திருக்கிறான். அதன் மீது உப்பு நீர் பட்டால், ஒரே நாளில் அது விழித்து நீந்துகிறது.

ஆயிரம் ஆண்டுக்கு முந்திய குறிப்பு

இவ்வுயிரை ஐரோப்பியர் 1755-ல் இங்கிலாந்தின் லிமிங்டன் உப்பளங்களில் கண்டு வரைந்தனர். நெடுங்காலம் அதுவே முதற்குறிப்பு எனக் கருதப்பட்டது. ஆனால் அதற்கு ஏழு நூற்றாண்டுகளுக்கும் மேலாக முன்பு, ஹிஜ்ரி 372-ல், அதாவது கி.பி. 982-ல், பாரசீக மொழியில் எழுதப்பட்ட 'ஹுதூதுல் ஆலம்' என்னும் நில நூலில் இதைப் பற்றிய செய்தி இருப்பதை ஆய்வாளர்கள் சுட்டிக் காட்டியுள்ளனர். இன்றைய ஈரானின் வடமேற்கில் உள்ள உருமியா உப்பேரியைப் பற்றிச் சொல்லுமிடத்தில், அதில் புழுவைத் தவிர வேறு உயிர் இல்லை என்று அந்நூலாசிரியர் குறித்து வைத்தார். அவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் கண்ட புழு இச்சிற்றுயிரே.

லிபியாவின் ஃபெஸ்ஸான் பாலைவனத்தில், மணல் மேடுகளுக்கிடையே கப்ர் அவ்ன் என்னும் உப்பேரி உண்டு. அதன் கரையில் வாழ்ந்த மக்கள் இவ்வுயிரை வலையிட்டு அள்ளி, பிசைந்து, வெயிலில் உலர்த்தித் தாங்களே உண்டனர். அரபியில் 'தூத்' என்றால் புழு; அதனால் சுற்றுப்புறத்தார் அவர்களை 'தவ்வாதா' என்று அழைத்தனர். வேறொன்றும் விளையாத மணற்காட்டில் அதுவே அவர்களுக்குப் புரதம் தந்தது.

தகரத்தில் வந்த விருந்தாளி

இப்பொழுது நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன்.

உப்பளக்காரரின் அனுமதியுடன் இரண்டு தெப்பங்களிலிருந்து தனித்தனியாக இரண்டு குவளை நீர் எடுத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தோம். முதற்குவளையில் ஒவ்வொன்றும் தனியாக நீந்திற்று; பலவற்றின் வயிற்றடியில் முட்டைப் பை தெரிந்தது. இரண்டாம் குவளையில் இரண்டிரண்டாகச் சேர்ந்து நீந்தின. பின்னே இருந்தது முன்னதைத் தலையருகே உள்ள கொக்கி போன்ற உறுப்பால் பற்றிக்கொண்டிருந்தது.

இவ்வேற்றுமை சிறிதன்று. நம் உப்பளங்களுக்கு உரிய பழைய இனத்தில் பெண் மட்டுமே உண்டு. ஆணின் துணையின்றியே அது பெருகுகிறது. ஆகவே அதில் சோடியைக் காண முடியாது. சோடியாக நீந்துவது அமெரிக்க இனம். சான் பிரான்சிஸ்கோ நகரின் பெயரால் 'ஆர்ட்டீமியா ஃபிரான்சிஸ்கானா' என வழங்கப்படுவது.

அது இங்கே எவ்வாறு வந்தது? உலகச் சந்தையில் விற்கும் முட்டைத் தகரங்களில் மிகப் பல அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பேரியிலிருந்து வருபவை. இறால் குஞ்சுப் பண்ணைகள் கடற்கரையெங்கும் பெருகிய காலத்தில் அத்தகரங்களும் பெருகின. பொரிந்து மீந்தது கழிவுநீரோடு வெளியேறியது. சில நாடுகளில் நல்ல விளைச்சல் வேண்டி உப்பளத்திலேயே அதை விதைத்தார்கள். உப்புள்ள இடத்தை அடைந்தால் அது அங்கேயே குடியேறிவிடும். ஒரு தெப்பத்தில் சேர்ந்ததைப் பறவைகள் காலிலும் குடலிலும் சுமந்து அடுத்த தெப்பத்துக்குக் கொண்டு செல்கின்றன.

புதிய இனம் மிகுதியாக ஈனுகிறது. உணவை விரைந்து வடித்து உண்கிறது. பழைய இனம் அதனோடு போட்டியிட முடியாமல் பின்வாங்குகிறது. போர்ச்சுக்கல், ஸ்பெயின், பிரான்சு, மொராக்கோ நாட்டு உப்பளங்களில் இவ்வாறே நடந்தது. இந்திய உப்பளங்களிலும் வெளிநாட்டு இனம் புகுந்து உள்நாட்டு இனத்தை அகற்றி வருவதை 2012-ல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக் காட்டியது.

வலை வீசியவரிடம் இதைச் சொன்னேன். இரண்டு குவளைகளையும் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"எனக்கு ரெண்டும் ஒரே பூச்சிதான் பாய். கடையிலயும் ஒரே விலைதான். மீனு வித்தியாசம் பாக்கவா செய்யும்?" என்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அன்றாடக் கூலிக்கு உழைப்பவரிடம் இதைவிட வேறு விடையை எதிர்பார்க்க நமக்கு உரிமை இல்லை. மீன் வேறுபாடு பார்ப்பதில்லை என்பதும் உண்மை. ஆனால் சந்தையில் விலை வேறுபடாத ஒன்று, மறைந்துபோனால் திரும்ப வாங்கக் கிடைப்பதில்லை. நம் கடற்கரையின் வெயிலையும் மழையையும் எண்ணற்ற தலைமுறைகளாகப் பழகிய உயிர் அது. ஐப்பசியில் பெய்யும் பெருமழை தெப்பத்து உப்பைக் கரைத்துவிடும். பங்குனி வெயில் மறுபடியும் கூட்டிவிடும். இந்த ஏற்ற இறக்கத்துக்கேற்ற உறக்கமும் விழிப்பும் அதன் இயல்பிலேயே பதிந்துள்ளன. நாளை நம் நாட்டிலேயே இம்முட்டையைப் பெருக்கி, இறக்குமதியைக் குறைக்க நினைப்போருக்கு அந்த இயல்பு தேவைப்படும். அன்றைக்குத் தேடினால் அது இருக்க வேண்டும்.

எண்ணி எடுத்தல்

இயற்கையிலிருந்து அள்ளுவோர் இரண்டு ஏரிகளின் கதையை அறிந்திருப்பது நல்லது.

ஒன்று, நாம் மேலே கண்ட உருமியா. ஒரு காலத்தில் சுமார் 140 கிலோமீட்டர் நீளமும் 5,000 சதுர கிலோமீட்டர் பரப்பும் கொண்டிருந்தது. ஆர்ட்டீமியாவையும் அதை உண்ண வரும் ஆயிரக்கணக்கான பூநாரைகளையும் பெற்றிருந்தது. 1990-களின் பிற்பகுதி முதல் அந்த ஏரி சுருங்கத் தொடங்கியது. அதில் விழும் ஆறுகளின் நீர் அணைகளிலும் வயல்களிலும் நின்றுவிட்டது, மழையும் பொய்த்தது. எஞ்சிய நீரில் உப்பு லிட்டருக்கு 300 கிராமையும் தாண்டியது. உப்பையே வீடாகக் கொண்ட உயிராலும் அவ்வளவு உப்பைத் தாங்க முடியவில்லை. இடையில் பெய்த நல்ல மழையால் சற்றே நிறைந்தாலும், அண்மை ஆண்டுகளில் அந்த ஏரி மறுபடியும் பெரிதும் வற்றிப் போயிற்று. துறைமுகப் படகுகள் உப்புத் தரையில் சாய்ந்து கிடக்கும் படங்களை நீங்கள் கண்டிருக்கலாம். நூலாசிரியர் கண்ட புழு அங்கே அரிதாகிவிட்டது.

மற்றொன்று, யூட்டாவின் பெரிய உப்பேரி. அங்கே 1950-களிலிருந்து முட்டை எடுக்கிறார்கள். விமானத்தில் பறந்து, நீர்ப்பரப்பில் செந்நிறக் கோடுகளாகத் திரளும் முட்டைகளைக் கண்டறிந்து, மிதக்கும் தடுப்புகளால் வளைத்து உறிஞ்சி எடுப்பார்கள். பெரும் வாணிகம். ஆயினும் அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. அக்டோபர் தொடங்கி ஜனவரி வரைதான் அறுவடைக் காலம். அக்காலத்திலும் ஏரி நீரை எடுத்து முட்டைகளை எண்ணிக்கொண்டே இருப்பார்கள். ஒரு லிட்டருக்கு 21 முட்டை என்னும் அளவுக்கு இறங்கினால் அறுவடையை நிறுத்திவிடுவார்கள். அந்த 21 அடுத்த வசந்தத்துக்கான விதை. விதை நெல்லைக் குத்தித் தின்னாதே என்று நம் முன்னோர் சொன்னதை அவர்கள் எண்ணிக்கையாக வைத்திருக்கிறார்கள். அந்த ஏரிக்கும் நீர்வரத்து குறைந்து வருவது வேறு கவலை. ஆனாலும் அள்ளுகிற கை தானே தனக்கு எல்லை வகுத்துக்கொள்ள முடியும் என்பதற்கு அது சான்று.

நாம் செய்யத்தக்கவை

வாசகர்களே, இனி வீட்டுக்கு வருவோம். குஞ்சு பொரித்த மீனுக்கு இவ்வுணவைக் கொடுக்க விரும்புவோர் கடலுக்குச் செல்ல வேண்டியதில்லை. ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 30 கிராம் அயோடின் சேராத கல்லுப்பைக் கரையுங்கள். அரைத் தேக்கரண்டி முட்டையைத் தூவி, தொட்டியின் காற்றுக் குழாயை அடிவரை விட்டு, விளக்கின் கீழ் வையுங்கள். நம் ஊர் வெப்பத்துக்கு 24 மணி நேரத்தில் பொரிந்துவிடும். பிறகு காற்றை நிறுத்தி ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் காட்டினால் ஓடுகள் மேலே மிதக்கும். குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கித் திரளும். அவற்றை மெல்லிய துணியில் வடித்து, நன்னீரில் ஒரு முறை அலசி, அன்றே கொடுத்துவிடுங்கள். நேரம் கடந்தால் குஞ்சு தன் உடலில் கொண்டுவந்த சத்தைத் தானே செலவழித்துவிடும். ஓடு கலவாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீன்குஞ்சின் குடலை அது அடைத்துவிடும். அளவாகக் கொடுங்கள். நன்னீரில் இவை சில மணி நேரமே உயிர் வாழும். தின்னாமல் மீந்தவை இறந்து தொட்டியைக் கெடுக்கும்.

மீந்த குஞ்சுகளை என்ன செய்வது? ஊருக்குள் இருப்போர் நன்னீரில் கொட்டினால் அவை பிழைக்கமாட்டா, கேடு இல்லை. ஆனால் நம் சமுதாயத்தவர் பலர் காயல்பட்டினம், கீழக்கரை, வேதாளை, நாகூர் எனக் கடற்கரையிலும் உப்பளங்களின் அருகிலும் வாழ்கிறோம். அங்குள்ளோர் மீந்ததை உப்பளத்திலோ கழிமுகத்திலோ உப்போடையிலோ ஊற்ற வேண்டாம். வெந்நீர் ஊற்றிப் பின் கொட்டுங்கள். மீன்குஞ்சுப் பண்ணை நடத்துவோருக்கு இப்பொறுப்பு இன்னும் பெரிது. தகரத்தின் அடியில் ஒட்டியிருக்கும் ஒரு சிட்டிகை முட்டையில் ஆயிரக்கணக்கான உயிர்கள் உறங்குகின்றன.

உப்பளத்தில் நேரே அரிக்க விரும்புவோர் உரிமையாளரைக் கேட்டு இறங்குங்கள். பாத்தி வரப்பை மிதித்து உடைக்காதீர்கள். அது ஒருவரின் பல நாள் உழைப்பு. ஒரு தெப்பத்தில் அரித்த வலையை நன்னீரில் அலசி வெயிலில் காயவைத்த பிறகே அடுத்த தெப்பத்தில் இறக்குங்கள். நனைந்த வலையில் ஒட்டிய முட்டைகள் இடம் மாறும். ஒரு மூலையில் எடுத்தால் மற்ற மூலையை விட்டுவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அரிக்கும் முன் ஒரு குவளை எடுத்துப் பாருங்கள். சோடியாக நீந்துவதை வேண்டிய அளவு எடுங்கள். சோடியே இல்லாத தெப்பம் கிடைத்தால், அங்கே நம் பழைய இனம் இன்னும் இருக்கக் கூடும். அதை விட்டுவிட்டு, மீன்வளக் கல்லூரியிலோ கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்திலோ தெரிவியுங்கள். தூத்துக்குடியிலேயே இரண்டும் உள்ளன.

நம்பிக்கை இழக்க வேண்டிய நிலை இன்னும் வரவில்லை. பழைய இனத்தின் முட்டைகள் தெப்பங்களின் அடிச்சேற்றில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்க வல்லவை. பெல்ஜியத்தில் உள்ள கென்ட் பல்கலைக்கழகம் உலகின் பல பகுதிகளிலிருந்து இத்தகைய முட்டைகளைத் திரட்டிக் காத்து வருகிறது. நம் கரையின் இனத்தை நம் கரையிலேயே காப்பதற்குப் பெரும் பொருள் தேவையில்லை. வேற்று முட்டை கலவாத ஒரு தனித் தெப்பமும், அது எதற்காக இருக்கிறது என்று அறிந்த ஓர் உப்பளக்காரரும், குவளையைத் தூக்கிப் பார்க்கப் பழகிய சில இளைஞர்களும் போதும்.

அடுத்த முறை அச்சாலையில் செல்லும்போது, வெள்ளைப் பாத்திகளுக்கு அப்பால் இளஞ்சிவப்பாகத் தெரியும் நடுத் தெப்பத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நம் வீட்டு மீன்குஞ்சின் உணவு அங்கே வாழ்கிறது என்று சொல்லுங்கள். அதை யார், எவ்வளவு எடுக்கலாம் என்பதையும் சேர்த்தே சொல்லிக் கொடுங்கள்.